ரெமிஷன் என்றால் விடுதலையா?

கேள்வி: கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற என் தம்பி 9 வருடமாகக் கோவை மத்தியச் சிறையில் இருக்கிறான். 4 வருடம் ரெமிஷன் சேர்ந்திருக்கிறதாம். ஒரு லட்சம் கொடுத்தால் 'ரெமிஷன் ஆர்டர்' வாங்கித் தருகிறேன், வழக்கே இல்லாமல் போய்விடும் என்கிறார் ஊரில் ஒருவர். அம்மாவின் புற்றுநோய் சீட்டிலும் இதே வார்த்தை இருக்கிறது. இதற்கு என்னதான் அர்த்தம்? – காங்கேயம் வாசகி

அம்மணி, முதலில் அந்த ஒரு லட்சத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பார்ப்போம்.

லத்தீனில் 'ரெ' என்றால் திரும்ப, 'மித்தெரே' என்றால் அனுப்புவது, விடுவது. இரண்டும் சேர்ந்து, இறுக்கிப் பிடித்ததைத் தளர்த்துவது என்ற பொருள் வந்தது. உங்கள் ஊர்க் காளையின் மூக்கணாங்கயிற்றைக் கொஞ்சம் விட்டுப் பிடிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு அப்படியேதான் இருக்கும். தேவாலயத்தில் இந்தச் சொல்லுக்குப் பாவமன்னிப்பு என்று பொருள். தாலுகா ஆபீஸில் நிலவரித் தள்ளுபடி. நம் பெரியவர்கள் 'வஜா' என்பார்கள். அம்மாவின் சீட்டில், நோயின் அறிகுறிகள் குறைந்திருக்கின்றன அல்லது தெரியவில்லை என்று அர்த்தம். பூரண குணம் என்று டாக்டர் எழுதவில்லை. பரிசோதனையையும் மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சிறையில் ரெமிஷன் என்பது தண்டனை நாள் குறைப்பு. குற்றவாளி என்ற தீர்ப்பு அழியாது. அதை அழிக்க அப்பீலில் ஜெயிக்க வேண்டும். 'வழக்கே இல்லாமல் போய்விடும்' என்பவர் பொய் சொல்கிறார்.

உங்கள் தம்பி கணக்குக்கு வருவோம். 9 வருடமும் 4 வருட ரெமிஷனும் சேர்ந்தால் 13, 14-க்கு இன்னும் ஒன்றுதான் பாக்கி என்று அந்த ஆள் விரல் விட்டு எண்ணியிருப்பார். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவர், ரெமிஷன் நாட்களைச் சேர்க்காமல் 14 வருடம் உள்ளே இருந்தே ஆகவேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது பிரிவு 433-ஏ, அதற்குப் பதில் வந்த புதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 475. கொலை வழக்கு இதில்தான் வரும். ரிமாண்டில், அதாவது தீர்ப்புக்கு முன் காவலில், இருந்த நாட்கள் மட்டும் கணக்கில் சேரும். 14 முடிந்த மறுநாளே கதவு திறந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அதன்பிறகுதான் அரசு பரிசீலிக்கும். எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி 2018-இல் 10 வருடம் முடித்தவர்களை விட்டார்களே என்பார்கள். அது அரசமைப்புச் சட்டம் 161-இன்படி ஆளுநருக்கு உள்ள அதிகாரத்தில், அரசே பட்டியல் எடுத்து விட்டது. அதை யாரும் விலைக்கு வாங்கித் தர முடியாது.

பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். மஞ்சப்பைக்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் நான்காக மடித்த ஜெராக்ஸ். முப்பதாயிரம் கொடுத்து வாங்கிய 'ஆர்டர்'. பிரித்துப் பார்த்தால், மகன் சிறையில் சேர்த்த ரெமிஷன் நாட்களின் கணக்குச் சீட்டு! மகன் கேட்டிருந்தாலே அந்த விவரம் கிடைத்திருக்கும். அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முன்விடுதலைக் கொள்கை இருக்கும் மாநிலத்தில், தகுதி வந்த கைதி மனுப் போடாவிட்டாலும் அரசு தானாகவே பரிசீலிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் நன்னடத்தை அலுவலர் அறிக்கை, போலீஸ் அறிக்கை என்று ஒவ்வொரு தாளுக்கும் மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கிறார்கள். ஒரு பக்க அறிக்கைக்கு எதற்கு இத்தனை மாதம்? தரகர்கள் பிழைப்பதே இந்தத் தாமதத்தில்தான்.

அடுத்த முறை தம்பியைப் பார்க்கப் போகும்போது, ரிமாண்ட் தேதியிலிருந்து உள்ளே இருந்த நாட்களையும் ரெமிஷன் நாட்களையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாருங்கள். அதோடு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். சிறையில் இருப்பவருக்கு அங்கே வக்கீல் இலவசம், வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். போன் என்றால் 15100.