உங்கள் தந்தையிடமிருந்து உங்கள் பிள்ளைகள் வரை வந்து சேர்ந்தது என்ன?

"அளந்து பார்ப்பம்" என்கிற பழக்கம். காணி பூமியைவிட அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அப்பா திருகோணமலையில் அரசாங்க எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். தொழில்நுட்பம் எதையும் முறையாகப் படித்தவரில்லை. ஆனாலும் உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் யார் வீட்டுத் தண்ணீர்ப் பம்ப் நின்றாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். திருத்தியதும் மூடிவிட்டு வரமாட்டார். பழுதான பாகத்தை வீட்டுக்காரர் கையில் கொடுத்து, "இது ஏன் தேய்ஞ்சது எண்டு பாருங்கோ" என்பார். சிலருக்கு அது அலுப்பாக இருந்திருக்கும். தனக்கு விளங்கியது அடுத்தவருக்கும் விளங்கும் என்ற நம்பிக்கை அவருக்கு. மனிதர்களை அப்படி மதித்தவர் அவர்.

இரவானால் றேடியோ. பகலில் கேட்காத தூரத்து மத்திய அலை நிலையங்கள் இருட்டியதும் எப்படி வருகின்றன என்று நான் சிறுமியாக இருந்தபோதே சொல்லித் தந்தார். வெயில் நேரத்தில் வானத்தில் உண்டாகும் ஒரு படை அந்த அலைகளை உறிஞ்சிவிடும். பொழுதுபட்டால் அது கலைந்துபோகும், அதற்கும் மேலேயுள்ள படையில் பட்டு அலைகள் திரும்பி வரும். 1980களில் ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி தன் நிகழ்ச்சிகளை வாங்கித் திரும்ப ஒலிபரப்பும் அஞ்சல் நிலையம் ஒன்றை எங்கள் மாவட்டத்தில் அமைத்தபோது அவருக்கு வந்த புளுகம் சொல்லி முடியாது. "உலகத்தோட கதைக்க எங்கட ஊர் வேண்டியிருக்குது பாருங்கோ!"

பிறகு பேரப்பிள்ளைகள். என் மகனுக்கும் மகளுக்கும் அம்மப்பா என்றால் கன்னியாதான்.

கன்னியா, நகரத்துக்கு வெளியே உள்ள ஏழு சின்ன வெந்நீர்க் கிணறுகள். இராவணன் தாயின் இறுதிக் கிரியை செய்த இடம் என்பது ஐதீகம். இன்றும் சனம் இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியைக்கு அங்கே போகும். எங்கள் அம்மாவின் கிரியையையும் அப்பா அங்கேதான் ஒரு குறையில்லாமல் செய்வித்தார். அடுத்த விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளை அதே இடத்துக்கு வெப்பமானியோடு கூட்டிப்போனார்! பள்ளிக்கூட ஆய்வுகூடங்களில் இருக்குமே, அந்த நீளக் கண்ணாடி வெப்பமானி. காய்ச்சல் பார்ப்பது இதற்குச் சரிவராது. உதறினால்தான் ரசம் இறங்கும், 42 பாகைக்கு மேல் காட்டவும் மாட்டாது.

முதலில் கையால் தொட்டு, எது கூடச் சூடு என்று ஆளுக்கொரு வரிசை எழுதச் சொன்னார். இரண்டு பேரின் வரிசையும் ஒத்துவரவில்லை. வாளியில் அள்ளி அள்ளி வெப்பமானியை வைத்துப் பார்த்தால் கிணற்றுக்குக் கிணறு சில பாகைதான் வித்தியாசம். "ஒரு கிணத்தில நனைஞ்ச கை அடுத்த கிணத்துக்குப் பொய் சொல்லும்" என்றார். ஏன் சூடு என்று மகள் கேட்டாள். இங்கே எரிமலை இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகளால் ஆழத்துக்கு இறங்குகிறது. கீழே போகப் போக ஒரு கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 25, 30 பாகை கூடும். அங்கே சூடேறிய தண்ணீர் மேலே வருகிறது. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிய பிறகு மூன்று பேரும் ஏழு கிணற்றிலும் அள்ளிக் குளித்தார்கள். அவருடைய பக்தியும் வெப்பமானியும் ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை. அப்படியான ஒருவரின் வீட்டில் வளர்ந்தது எனக்குப் பெரிய கொடுப்பினை.

கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அப்படித்தான் இருந்தார். சேலைன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மகனிடம் ஒரு நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணச் சொன்னார். 40. மில்லிலீற்றருக்கு 20 சொட்டு என்று குழாய் வந்த உறையில் போட்டிருந்தது. அப்படியென்றால் 500 மில்லிலீற்றர் போத்தலில் 10,000 சொட்டு. முடிய 250 நிமிடம், நாலு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே. போத்தல் மாற்ற வந்த நேர்ஸிடம் மகன் கணக்கைக் காட்டினான். "சரியாச் சொல்லிட்டீங்களே தம்பி" என்று அவர் சிரித்தார். அப்பா விடவில்லை: "பிள்ளை, குழந்தையளுக்கும் இதே அளவு சொட்டுத்தானோ?" இல்லை ஐயா, அதற்கு மில்லிலீற்றருக்கு 60 சொட்டு விழுகிற வேறு குழாய் இருக்கிறது என்று சொல்லி, எடுத்து வந்தும் காட்டினார் அந்த நல்ல மனுசி. மூன்று தலைகளும் அதன்மேல் குனிந்திருந்தன.