67 வயது அப்பாவை ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள் என்ற கேள்விக்கு

வணக்கம் சகோ. பக்கத்து வீட்டு அடிதடி வழக்கில் சாட்சி சொல்ல 67 வயது அப்பாவை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி ஏட்டு போன் மேல் போன் போடுவதாக எழுதியிருந்தீர்கள். அவர் போக வேண்டிய கட்டாயம் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 179ஆவது பிரிவுப்படி, சாட்சியை எழுத்து மூலமாகத்தான் அழைக்க வேண்டும். 60 வயதைத் தாண்டிய ஆண்களையும், எந்த வயதுப் பெண்களையும் அவர்கள் வீட்டுக்கே வந்துதான் விசாரிக்க வேண்டும். பழைய சட்டத்தில் ஆண்களுக்கான அந்த வயது 65. அப்பாவே விரும்பினால் போகலாம், அவ்வளவுதான்.

அடுத்த முறை போன் வந்தால், "அப்பாவுக்கு 67 வயசு சார், வீட்டுக்கு வாங்க, தெரிஞ்சதைச் சொல்வார்" என்று பணிவாகச் சொல்லுங்கள். சொல்வது உண்மையாக இருக்க வேண்டும், அது அவர் கடமை.

அப்புறம், இதுதான் முக்கியம். அப்பா சொன்னதைப் போலீஸ் எழுதிவிட்டுக் கையெழுத்துக் கேட்டால் போட வேண்டாம். விசாரணையில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து வாங்கக் கூடாது என்கிறது 181ஆவது பிரிவு. வெற்றுத் தாளை நீட்டினால் பேனாவையே தொட வேண்டாம். என் மாமா அப்படி ஒரு தாளில் போட்டுவிட்டுப் பல மாதம் தூங்காமல் தவித்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்.

ஒருவேளை இதே சட்டத்தின் பிரிவு 35(3) என்று போட்டு நோட்டீஸ் வந்தால், அது சாட்சிக்கானது அல்ல, குற்றம் செய்ததாகச் சந்தேகிக்கப்படுபவருக்கானது. அன்றே ஒரு வக்கீலைப் பாருங்கள்.