ஒரே ஒரு பவழ மணி

கேள்வி: எனக்கு வயது 54. மகன் மிலானில் வேலை பார்க்கிறான். அடுத்த மாதம் நானும் கணவரும் அவனிடம் போகிறோம். இத்தாலியின் தென்கரையில் சொரெண்டோவில் ஐந்து நாள் தங்கி, அமால்ஃபி பக்கத்துக் கடற்கரை ஊர்களைப் பார்ப்பதாக ஏற்பாடு. விஷயம் தெரிந்ததிலிருந்து சொந்தக்காரர்கள் விடவில்லை. நாத்தனார் பொசிடானோ தோல் செருப்புக்குக் காகிதத்தில் கால் வரைந்து அனுப்பியிருக்கிறாள். தம்பி மனைவிக்கு எலுமிச்சம்பழம் வரைந்த பீங்கான் தட்டு. கணவரின் நண்பர்களுக்கு லிமோன்செல்லோ என்கிற எலுமிச்சை மது. மொத்தம் 31 பேர். வாங்கினால் கையைக் கடிக்கும், வாங்காவிட்டால் ஊர் பேசும். போதாததற்கு 81 வயது மாமியார் வேறு, ‘அந்தப் பக்கம் பவழம் கிடைக்குமாமே, ஒரே ஒரு மணி வாங்கிக்கொண்டு வா’ என்கிறார். இந்த வயதில் ஆசையைப் பாருங்கள்! யார் மனமும் கோணாமல், மலிவாக, மொத்தமாக என்ன வாங்கலாம்?
– பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: 31 பேரைப் பற்றி விலாவாரியாக எழுதியிருக்கிறீர்கள், அம்மா. நாத்தனாரின் கால் அளவுவரை வந்துவிட்டது. மாமியாருக்கு மட்டும் இரண்டு வரி. அந்த இரண்டு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஒரே ஒரு மணி கேட்கிறார். நகைக்கு ஆசைப்படுகிறவர் ஒற்றை மணியா கேட்பார்? மாலை கேட்பார், வளையல் கேட்பார், மோதிரத்தில் பதிக்க ஒரு கல்லாவது கேட்பார். ஒற்றை மணி கேட்கிறவரிடம் ஏற்கெனவே ஒரு மாலை இருக்கிறது, அதில் ஒரு மணி குறைகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. அது யார் கொடுத்த மாலை, எப்போது அறுந்தது, எத்தனை வருஷமாக அந்த இடத்தில் வெறும் நூல் மட்டும் இருக்கிறது? நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ‘ஆசையைப் பாருங்கள்’ என்று எழுத உங்களுக்குக் கை வந்திருக்காது.

‘இந்த வயதில்’ என்கிறீர்கள். 54 வயதில் உங்களுக்குக் கடல் பார்க்க ஆசை வரலாம், 81 வயதில் அவருக்கு ஒரு மணிக்கு ஆசை வரக்கூடாதா? வயதாகிவிட்டால் பொருள்மேல் மனம் போகக் கூடாது என்று வீட்டில் மற்றவர்கள் முடிவு செய்வதை என்னால் ஏற்கவே முடியாது. நாம் ஊருக்குக் கிளம்பும்போது வாசல்வரை வந்து நிற்கிற பெரியவர் வாய்விட்டு ஒன்று கேட்டால், அதுதான் பட்டியலில் முதல். மற்றவர்கள் எல்லோரும் அதற்குப் பிறகு.

ஒரு முறை நான் காசிக்குப் போனபோது என் அம்மா சின்னதாக ஒரு செப்புச் செம்பு கேட்டார். கடை கடையாக ஏறி இறங்கிப் புடவை எடுத்தேன், செம்பை மறந்தேன். ‘கடை சாத்தியிருந்தது’ என்று பொய் சொன்னேன். ‘பரவாயில்லை’ என்றார். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார். என்னிடம் எதுவுமே கேட்கவில்லை.

சரி, காரியத்துக்கு வருவோம். உங்கள் மாமியார் கேட்டது எங்கோ தேடி அலைய வேண்டிய பொருள் இல்லை. சொரெண்டோவிலிருந்து நேப்பிள்ஸுக்கு வெசுவியஸ் எரிமலையடியைச் சுற்றிக்கொண்டு ஒரு ரயில் போகிறது. அந்தப் பாதையில் டோரே டெல் கிரெக்கோ என்று ஒரு ஊர். பவழம் கடைவதையும் சிப்பியில் உருவம் செதுக்குவதையும் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற ஊர். பவழ வேலை கற்றுத்தர 1878லேயே பள்ளி வைத்தவர்கள். நீங்கள் தங்கப்போகும் இடத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. மாமியார் பாருங்கள், சரியான ஊர்ப் பக்கமாகத்தான் கேட்டிருக்கிறார்.

அந்தக் கடலின் பவழத்துக்கும் நம் பக்கத்துக்கும் இருக்கிற உறவு ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்து உறவு. முசிறித் துறைக்கு வந்த சரக்குகளில் பவழமும் இருந்ததாக அந்தக் காலத்துக் கிரேக்கக் கடற்பயணக் குறிப்பு சொல்கிறது. ரோமானியர்களுக்கு இந்திய முத்து எவ்வளவு அருமையோ, இந்தியர்களுக்குப் பவழம் அவ்வளவு அருமை என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்தார். அவர் கி.பி. 79இல் வெசுவியஸ் வெடித்தபோது உயிர்விட்டதும் இதே கரையில்தான், உங்கள் ரயில் கடந்து போகிற காஸ்டெல்லமாரே பக்கம். 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்துப் பவழம் லண்டன் வழியாகச் சென்னைக்கு வந்தது, இங்கிருந்து வைரம் போனது. உங்கள் வீட்டு மாலையின் மணிகளும் அந்தக் கடலில் விளைந்தவையாக இருக்கலாம்.

போகும் முன் மாலையைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஊர் ஆசாரியிடம் காட்டி, மணியின் குறுக்களவை மில்லிமீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். மணி உருண்டையா, பீப்பாய் வடிவமா, துளை எவ்வளவு பெரிது என்பதும் வேண்டும். போட்டோ மட்டும் போதாது, அதில் சிவப்பு மாறிவிடும். முடிந்தால் ஓரத்து மணி ஒன்றைக் கழற்றி எடுத்துப் போங்கள். மத்தியதரைக் கடல் பவழம் உள்ளும் புறமும் ஒரே சிவப்பாக இருக்கும். ஜப்பான் கடல் பவழத்தில் நடுவே வெள்ளை ஓடும். இரண்டையும் அந்த ஊரில் விற்பார்கள், அதனால் எது என்று கேட்டு வாங்குங்கள். சாயம் ஏற்றிய மட்டமான பவழமும் சந்தையில் உண்டு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் நல்ல பவழத்தில் மர ரேகைபோல மெல்லிய கோடுகள் தெரியும், கண்ணாடி மணியில் தெரியாது. இயற்கைப் பவழம், சாயம் இல்லை என்று ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள். உதிரி மணிக்கு நாலு கடை ஏற வேண்டியிருக்கும், காலையிலேயே கிளம்புங்கள். மதியம் ஒரு மணிக்குச் சாத்தினால் நாலு மணிவரை திறக்காத கடைகள் நிறைய.

விலையைக் கேட்டு மலைக்காதீர்கள். பவழம் வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூடப் பருப்பதில்லை. மிளகைவிடக் கொஞ்சம் பெரிய மணி என்றாலும் அந்தக் கிளை கடலடியில் பல பத்து வருஷம் நின்றிருக்கும். இப்போது மத்தியதரைக் கடலில் 50 மீட்டருக்குக் கீழே முக்குளித்துத்தான் எடுக்கலாம், வலையால் அரித்து எடுக்கத் தடை.

இனி அந்த 31 பேர். தலைக்கு ஒன்று என்ற கணக்கை விடுங்கள், வீட்டுக்கு ஒன்று போதும். அமால்ஃபியில் பழந்துணிக் கூழிலிருந்து கையால் காகிதம் செய்கிற மரபு இன்னும் இருக்கிறது. ஓரம் பிசிறு பிசிறாக, தொட்டால் துணிபோல இருக்கும். கனமே இல்லை, ஒரு கட்டு வாங்கினால் பல வீட்டுக்கு ஆகும். தட்டை வியெத்ரியில் வாங்குங்கள், பீங்கானுக்கு அதுதான் ஊர். ஒரே மாதிரி இரண்டு தட்டை அருகருகே வைத்துப் பாருங்கள். இலை நுனிவரை அச்சாக ஒத்திருந்தால் அது கையால் தீட்டியது இல்லை.

மீன் சாப்பிடுகிற வீட்டுக்கு, அதே கரையில் இருக்கும் செடாரா என்ற ஊரின் நெத்திலிச் சாறு கொண்டுபோங்கள். கோடையை ஒட்டிப் பிடிக்கிற நெத்திலியை உப்போடு மரப்பீப்பாயில் அடுக்கிக் கல் ஏற்றி, மாதக்கணக்கில் ஊறவைத்து வடிக்கிற தேன் நிறச் சாறு. கருவாட்டு மணம் பிடித்தவர்களுக்கு இது பிடிக்கும். சின்னக் குப்பி போதும், சில சொட்டுதான் விடுவது.

நண்பர்களுக்கான லிமோன்செல்லோ அவர்கள் பொறுப்பு. ஆளுக்கு 2 லிட்டருக்கு மேல் மது கொண்டுவந்தால் நம் சுங்கத்தில் வரி கட்ட வேண்டும். அதைக் கணவரிடமே சொல்லிவிடுங்கள். பொசிடானோ செருப்பின் பெருமையே காலை வைத்துப் பார்த்து அங்கேயே வாரை அளந்து தைப்பதுதான். காகிதக் காலுக்கு அது பொருந்தாது, நாத்தனாரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.

மணி கிடைத்ததும் பஞ்சில் பொதிந்து கைப்பையிலேயே வைத்திருங்கள், லக்கேஜில் போடாதீர்கள். சென்ட், எலுமிச்சை எதுவும் பக்கத்தில் வேண்டாம், மெருகு போய்விடும். ஊர் திரும்பியதும் நீங்களே கோத்துக் கொடுத்துவிடாதீர்கள். மாலையையும் மணியையும் மாமியார் மடியில் வைத்துவிட்டு, புது நூலோடு பக்கத்தில் உட்காருங்கள். எந்த மணிக்குப் பக்கத்தில் அது வர வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும்.