ஒரு வருஷமா இலை மட்டும்தான் வருது, லுனாரியாவை பிடுங்கிடலாமா?

ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "போன வருஷம் லுனாரியா விதை போட்டேன், நல்லா முளைச்சு தரையோட வட்டமா இலை விட்டுச்சு, ஆனா ஒரு பூ கூட இல்ல, பிடுங்கிட்டு வேற ஏதாவது வைக்கலாமா? அதோட, தெரிஞ்சவங்க ஒருத்தர் இதே செடியோட காய்ஞ்ச காய்க்கொத்து ஒண்ணு குடுத்தாங்க, அது பழுப்பா அழுக்கா இருக்கு, படத்துல பாக்குற வெள்ளிக்காசு மாதிரியே இல்ல, பெயின்ட் அடிக்கணுமா?"

தயவுசெஞ்சு பிடுங்காதீங்க! உங்க செடி சரியாத்தான் வளருது. இது ரெண்டு வருஷச் செடி, முதல் வருஷம் இலையும் வேரும் மட்டும்தான், ரெண்டாவது வருஷம் குளிர் முடிஞ்சு வசந்தம் வரும்போதுதான் நடுவுல இருந்து தண்டு கிளம்பி ரெண்டு மூணு அடி உயரம் போய் பூக்கும், காய்க்கும், விதை முத்தினதும் செடி செத்துடும். இதோட தாவரவியல் பேரு லுனாரியா அன்னுவா, அன்னுவான்னா ஒரு வருஷத்துதுன்னு அர்த்தம், அந்தப் பேரைப் பாத்துதான் நிறைய பேர் முதல் வருஷமே பூக்கும்னு நம்பிடுறாங்க. மணி பிளான்ட்னு இங்கிலீஷ்ல இதையும் சொல்றாங்க, ஆனா நாம வீட்டுக்குள்ள வைக்கிற கொடி வேற, இது கடுகு, முட்டைக்கோஸ் குடும்பம். நாலு இதழ் பூவைப் பாத்தாலே அந்த ஜாடை தெரியும், ஊதாவா இருக்கும், சிலது வெள்ளை.

இதுல முக்கியமான விஷயம் குளிர். லுனாரியாவுக்கு குளிர் பட்டாதான் பூக்கணும்னே தோணும், அதுவும் ஏதோ ரெண்டு நாள் பனி போதாது, சுமாரா 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழ வாரக்கணக்குல இருக்கணும். இன்னொண்ணு, செடி ரொம்பக் குட்டியா இருக்கும்போது எவ்வளவு குளிர் பட்டாலும் அது கணக்குல வராது, ஓரளவு வளந்து நல்லா இலை விட்ட செடிதான் குளிரை எடுத்துக்கும். அதனாலதான் லேட்டா விதைச்சவங்களுக்கு அடுத்த வசந்தத்துலயும் இலையே வந்து இன்னொரு வருஷம் காக்க வேண்டியதாகுது. கோடை ஆரம்பத்துல விதைச்சிட்டா குளிர்காலத்துக்குள்ள செடி பெருசாயிடும், அதுதான் சரியான நேரம். குளிரே வராத இடத்துல இருந்தீங்கன்னா உண்மையைச் சொல்லிடுறேன், செடி பச்சையா நல்லா இருக்கும், ஆனா பூக்குறது கஷ்டம். அங்க வருஷக்கணக்கா காத்திருக்குறதை விட காய்ஞ்ச கொத்தா வாங்கிக்கிறது மேல்.

மத்தபடி பெரிய வேலை இல்ல. ஆணிவேர் விடுற செடிங்குறதால பிடுங்கி நட்டா பிடிக்காது, நேரா மண்ணுலயே விதைச்சு, முளைச்சதும் ஒரு அடிக்கு ஒண்ணா விட்டுட்டு மத்ததைக் கலைச்சிடுங்க. தண்ணி தேங்காத மண்ணு வேணும், லேசான நிழல் தாங்கும், மரத்தடி ஓரத்துல கூட நல்லா வரும். முட்டைக்கோஸைத் தின்ற அதே புழு இதையும் தின்னும், வேர் வீங்கி கட்டி கட்டியா ஆகுற நோய் முட்டைக்கோஸுக்கு வந்த மண்ணுல இதைப் போடவே போடாதீங்க. இலைக்கு அடியில வெள்ளை வெள்ளையா கொப்புளம் தெரிஞ்சா அந்த இலையைக் கிள்ளி தூரப் போட்டுடுங்க.

பூத்து முடிஞ்சதும் கை பரபரக்கும், வாடின பூவை வெட்டிடாதீங்க, அந்தப் பூதான் காயாகும்! முதல்ல பச்சையா தட்டையா வட்டவட்டமா தொங்கும், வெயில்ல தூக்கிப் பாத்தா உள்ள விதை நிழலாத் தெரியும், எனக்கு அந்த ஸ்டேஜே ரொம்பப் பிடிக்கும்.

இப்ப உங்க பழுப்புக் கொத்துக்கு வரேன். பெயின்ட் எல்லாம் வேண்டவே வேண்டாம், வெள்ளி உள்ளதான் இருக்கு. அந்தக் காய்ல மூணு அடுக்கு, ரெண்டு பக்கமும் பழுப்புத் தோல், நடுவுல ஒரு மெல்லிசான சவ்வு. நல்லா காய்ஞ்ச காய் ஒண்ணை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு லேசா தேய்ங்க, காம்புப் பக்கம் தோல் கொஞ்சம் பிரிஞ்சு வரும், அதைப் பிடிச்சு மெதுவா இழுத்தா ஒரு பக்கம் உரிஞ்சுடும், திருப்பி அடுத்த பக்கமும் அப்படியே. தட்டையான பழுப்பு விதைங்க பொலபொலன்னு விழும், ஒண்ணு ரெண்டு சவ்வுலயே ஒட்டிக்கிட்டிருந்தா நகத்தால தட்டி விடுங்க. மிஞ்சுறதுதான் அந்த வெள்ளிக்காசு, சுத்தி ஒரு நரம்பு வளையம், நடுவுல பட்டுத்துணி மாதிரி பளபளப்பு. லுனாரியாங்கிற பேரே லத்தீன்ல நிலாங்கிற வார்த்தையில இருந்து வந்ததுதான். வான்கோ 1884-85 குளிர்காலத்துல இந்தக் காய்க்கொத்தை ஜாடியில வச்சு ஒரு ஓவியமே போட்டிருக்கார்.

நீங்களே அறுக்கும்போது டைமிங் பாருங்க. பச்சை போய் வைக்கோல் கலர் வந்ததும் தண்டை அடியோட வெட்டி, காத்தோட்டமான நிழல்ல ஒண்ணு ரெண்டு வாரம் தலைகீழா தொங்க விடுங்க. செடியிலயே இன்னும் காயட்டும்னு விட்டா மழையும் காத்தும் பட்டு நடுச்சவ்வு கறைபடிஞ்சு கிழிஞ்சு போகும், அதுக்கப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. உரிச்ச கொத்தை தண்ணி இல்லாத ஜாடியில, ஜன்னல் வெளிச்சம் பின்னாடி இருந்து விழுற மாதிரி வையுங்க, வருஷக்கணக்கா இருக்கும், தூசி படிஞ்சா மெத்துனு ஒரு பிரஷ்ஷால தட்டினா போதும்.

உதிர்ந்த விதையைக் குப்பையில போடாதீங்க, காகித உறையில போட்டு வச்சு அடுத்த கோடையில விதைங்க. வருஷா வருஷம் வெள்ளிக்காசுக் காய் வேணும்னா அடுத்தடுத்து ரெண்டு வருஷம் விதைக்கணும், அப்பதான் ஒரு பக்கம் இலையும் ஒரு பக்கம் பூவுமா சுத்திக்கிட்டே இருக்கும். தானா விழுந்தும் நிறைய முளைக்கும், அமெரிக்காவுல சில பகுதிகள்ல காட்டுக்குள்ள பரவி தொல்லையாவே ஆயிடுச்சு, அதனால ஓடை, காடு பக்கத்துல தோட்டம் இருந்தா விதை சிதறுறதுக்கு முன்னாடியே மொத்தத்தையும் வெட்டி வீட்டுக்குள்ள கொண்டு வந்துடுங்க.