புவேர்ட்டோ வயார்ட்டாவுக்குச் சிக்கனமாய்ப் போய்வர: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மெக்சிகோவின் பசிபிக் கரையில், ஹலிஸ்கோ மாநிலத்தில் இருக்கிறது புவேர்ட்டோ வயார்ட்டா. முன்னால் பண்டேராஸ் விரிகுடா, முதுகுப்பக்கம் காடு மூடிய மலை. அமெரிக்கா, கனடா நகரங்களிலிருந்து நேரடி விமானங்கள் இருப்பதால் அங்கே வசிக்கும் தமிழர்கள் அடிக்கடி இந்த ஊரைப் பற்றிக் கேட்கிறார்கள். வந்தவற்றில் பலருக்கும் உதவக்கூடிய சில கேள்விகள் இங்கே.

சாப்பாடு, குடி எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம் வாங்கும் ரிசார்ட்தான் கடைசியில் மலிவு என்கிறார் நண்பர். சரியா? (டல்லாஸ்)

சின்னக் குழந்தைகளோடு போய், நாள் முழுக்க நீச்சல் குளத்தை விட்டு நகராமல் இருப்பதென்றால் நண்பர் சொல்வது சரியாக இருக்கலாம். மற்றவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. மது குடிக்காதவர்கள், சைவம் சாப்பிடுகிறவர்கள் அந்தக் கட்டணத்தில் பெரும்பகுதியை மற்றவர்களின் கோப்பைக்கும் தட்டுக்கும்தான் கொடுக்கிறார்கள். இன்னொன்று, காசு கட்டிவிட்டோமே என்று வெளியே சாப்பிட மனம் வராது. வயார்ட்டாவின் அழகே அதன் தெருக்களில்தான் இருக்கிறது. மலெகோன் என்கிற கடற்கரை நடைபாதை, அதில் வரிசையாக நிற்கும் சிற்பங்கள், உயரக் கம்பத்திலிருந்து கயிற்றில் தலைகீழாகச் சுழன்றிறங்கும் பாப்பான்த்லா வொலதோர்கள், குவாலே ஆற்றின் நடுத்திட்டு, கிரீடம் வைத்த குவாதலூப்பே மாதா கோயில், மேலே சிலுவைக் குன்று என்று பார்த்துக்கொண்டே போகலாம். எதற்கும் நுழைவுச்சீட்டு கிடையாது. வொலதோர்களுக்கு மட்டும் பார்த்து முடித்ததும் மறக்காமல் ஏதாவது கொடுங்கள், அவர்களுக்கு வருமானம் அதுதான்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோ விசா வேண்டுமா? (சான் ஹோசே)

செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ நிரந்தர வசிப்புரிமை அட்டையோ (கிரீன் கார்டு) இருந்தால் தனியாக மெக்சிகோ விசா வேண்டாம். கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் விசாக்களுக்கும் இதே விதிதான். இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்கும் இது பொருந்தும். அதிகபட்சம் 180 நாள் வரை தங்கலாம் என்றாலும், எத்தனை நாள் என்று முடிவு செய்பவர் குடிவரவு அதிகாரி. முத்திரையில் எழுதியிருக்கும் நாட்களை அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எச்1பி என்கிற அமெரிக்க வேலை விசாவின் முத்திரை காலாவதியாகி, ஐ-94 என்கிற அமெரிக்க வருகைப் பதிவு மட்டும் செல்லுபடியாக இருக்கிறவர்கள், முப்பது நாளுக்குள் மெக்சிகோ போய்த் திரும்ப அமெரிக்கா அனுமதிக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அது திரும்பி வருவதற்கு மட்டும்தான். காலாவதியான முத்திரையைக் காட்டி மெக்சிகோவுக்குள் நுழைய முடியாது. முதலில் மெக்சிகோ தூதரகத்தில் விசா வாங்கியாக வேண்டும். விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே இதைப் பாருங்கள்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போக மலிவான வழி? (சிகாகோ)

சுங்கச் சோதனை முடிந்து வெளியே வந்ததும் ஒரு கூடம். அங்கே நிற்கிறவர்கள் டாக்ஸி வேண்டுமா, வரைபடம் வேண்டுமா என்று மிகவும் அன்பாகக் கூப்பிடுவார்கள். அவர்கள் டைம்ஷேர், அதாவது விடுதியில் ஆண்டுக்குச் சில நாள் தங்கும் உரிமையை, விற்பவர்கள். ஒரு புன்னகையோடு நிற்காமல் நடந்துவிடுங்கள். கட்டடத்தை விட்டு வெளியே வந்தால் நெடுஞ்சாலைக்கு மேலே நடைபாலம் தெரியும். அதைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் ஊபரும் சாதாரண டாக்ஸியும் உள்ளே கேட்பதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். நகரப் பேருந்துக்கு அதைவிடவும் குறைவு. முன்கண்ணாடியில் ‘சென்ட்ரோ’ (ஊர் மையம்) என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். சில்லறை பெசோ கையில் வேண்டும். பெரிய பெட்டிகள் இருந்தால் பேருந்து வேண்டாம், இடம் போதாது.

எந்தப் பகுதியில் தங்கலாம்? (டொராண்டோ)

சோனா ரொமாந்திக்கா எல்லோருக்கும் தெரிந்த பெயர் என்பதால் வாடகையும் அதற்கேற்ப இருக்கும், இரவில் சத்தமும் உண்டு. நான் முதலில் சொல்வது சிங்கோ தே திசியெம்ப்ரே பகுதியை. மலெகோனுக்கு வடக்கே, நடந்தே போகலாம், கமரோனெஸ் கடற்கரை பக்கத்திலேயே. இன்னும் குறைய வேண்டுமென்றால் பித்தியால். அங்கே கடல் இல்லை, பேருந்தில் வர வேண்டும். ஆனால் மாலையில் உள்ளூர்க் குடும்பங்கள் கூடும் சதுக்கமும் தெருச்சாப்பாடும் நன்றாக இருக்கும்.

படத்தில் அழகான கடல்காட்சியோடு ஒரு வீடு மிக மலிவாகத் தெரிந்தால், அது பெரும்பாலும் மலைச்சரிவில் இருக்கும். எத்தனை படி ஏற வேண்டும் என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் கட்டாயம் கேளுங்கள். தெருக்களும் உருண்டைக்கல் பாவியவை, சக்கரப் பெட்டி படாத பாடு படும்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா? (நியூ ஜெர்சி)

கிடக்கவே வேண்டாம். சோளம், மிளகாய், தக்காளி, பீன்ஸ், பூசணி என்று மெக்சிகோ சமையலின் அடித்தளமே சைவம்தான். எங்கே அசைவம் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும். மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். சிவப்புச் சோற்றைக் கோழி வேகவைத்த சாற்றில் வடிப்பார்கள். டோர்ட்டியா என்கிற மெல்லிய ரொட்டியில், கோதுமையில் செய்ததிலும் கொழுப்பு இருக்கலாம். சோள டோர்ட்டியா அப்படியில்லை, சுண்ணாம்பு நீரில் வேகவைத்த சோளமும் தண்ணீரும்தான். ‘சின் கார்னே’ என்று சொன்னால் மாட்டிறைச்சியை மட்டும் விட்டுவிட்டுக் கோழி போட்டுவிடுவார்கள். அதனால் ‘சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் மன்தேக்கா’ என்று நான்கையும் சொல்லுங்கள்: இறைச்சி, கோழி, மீன், கொழுப்பு எதுவும் வேண்டாம்.

கேட்டு வாங்க வேண்டியவை: காளான் அல்லது பூசணிப்பூ வைத்த கெசதியா, வாட்டிய நொப்பால் கள்ளி, பாலாடைக்கட்டியோடு மிளகாய்க் கீற்றுகள், உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த டாக்கோ. மதியம் சின்ன உணவகங்களில் ‘கொமிதா கொரிதா’ என்று சூப், முதன்மை உணவு, பழரசம் சேர்த்துக் கொடுப்பார்கள். கடலோர உணவகங்களில் ஒரு தட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதிகூட ஆகாது. சூப் கோழிச்சாறா என்று மட்டும் கேளுங்கள். டோர்ட்டியா செய்யும் கடையில் சூடாகக் கிலோ கணக்கில் வாங்கி, சந்தையில் அவகாடோவும் தக்காளியும் வாங்கிக்கொண்டால் இரவுச் சாப்பாடு முடிந்தது.

அப்புறம், மலெகோனில் சுரைக்குடுக்கையோடு நிற்பவரிடம் ‘தூபா’ வாங்கிக் குடியுங்கள். தென்னம்பாளையில் இறக்கும் சாறு அது, நம்மூர் பதநீருக்கு உறவு. ஆப்பிளும் கொட்டைப்பருப்பும் தூவித் தருவார்கள். மணிலாக் கப்பல்கள் வந்துபோன காலத்தில் பிலிப்பைன்ஸ்காரர்கள் இந்தக் கரைக்குக் கொண்டுவந்த பழக்கம். கொஞ்சம் புளித்திருக்கலாம், குழந்தைகளுக்குக் கொடுப்பதற்கு முன் ருசி பாருங்கள்.

குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம். தங்கும் இடத்தில் 20 லிட்டர் கேன் இருக்கிறதா என்று கேளுங்கள், தினமும் பாட்டில் வாங்கும் செலவு மிச்சம்.

கடற்கரையில் நாற்காலிக்குப் பணம் கேட்கிறார்களாமே? (ஹூஸ்டன்)

நாற்காலி உணவகத்துடையது. உட்கார்ந்தால் இவ்வளவு பெசோவுக்குச் சாப்பிட வேண்டும் என்று கணக்கு வைத்திருப்பார்கள். உட்காரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மணல் யாருக்கும் சொந்தமில்லை. மெக்சிகோ சட்டப்படி கடற்கரை எல்லாமே பொது இடம். வழியை அடைக்கும் ஹோட்டல்களுக்கு அபராதம் போட 2020இல் சட்டத்தையும் திருத்தினார்கள். ஆகவே எந்த ஹோட்டலுக்கு முன்னாலும் தைரியமாகத் துண்டை விரிக்கலாம். குடை ஒன்று எடுத்துப் போங்கள்.

ஊரின் தெற்கே போக ஒரு நாளைக் கட்டாயம் ஒதுக்குங்கள். சோனா ரொமாந்திக்காவிலிருந்து ‘போக்கா’ என்று எழுதிய பேருந்தில் ஏறினால் மலைச்சாலை வழியே மிஸ்மலோயாவைத் தாண்டிப் போக்கா தே தொமத்லான் கிராமத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து கடலை ஒட்டிய காட்டுப்பாதையில் நடந்தால் கொலொமித்தோஸ் என்ற சின்னஞ்சிறு கடற்கரை, மேலே போனால் லாஸ் அனிமாஸ். நிதானமாக இரண்டு மூன்று மணி நேரம். திரும்ப வரும்போது படகு டாக்ஸி பிடிக்கலாம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே படகுக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பிந்தினால் இருட்டில் நடக்க வேண்டிவரும். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள காலணி போடுங்கள்.

எந்த மாதம் நல்லது? (சியாட்டில்)

நவம்பர் தொடக்கம் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை. மழை நின்று மலை பச்சையாக இருக்கும், கிறிஸ்துமஸ் விலை ஏறியிருக்காது. டிசம்பர் 1 முதல் 12 வரை குவாதலூப்பே மாதாவுக்கு தினமும் ஊர்வலங்கள், ஆட்டம், தெருவெல்லாம் சாப்பாட்டுக் கடைகள். கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் டிசம்பர் முதல் மார்ச் வரை குட்டி போட இந்த விரிகுடாவுக்கு வரும். கரையிலிருந்தே சில நாள் தெரியும். ஜூன் முதல் அக்டோபர் வரை அறை மலிவு, ஆனால் புழுக்கம், மழை, புயல் ஆபத்து எல்லாம் உண்டு. ஈஸ்டர் வாரத்தைத் தவிருங்கள்.

பணத்தை எப்படிக் கொண்டுபோவது? (அட்லாண்டா)

வங்கிக்குள் இருக்கும் ஏடிஎம்மில் பெசோவாக எடுங்கள். எங்கள் மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், உங்கள் வங்கியின் விகிதமே மேல். உணவுப் பட்டியலில் டாலர் குறி இருந்தால் பயப்படாதீர்கள், பெசோவுக்கும் அங்கே அதே குறிதான்.

பாதுகாப்பு எப்படி? (பாஸ்டன்)

ஹலிஸ்கோ மாநிலத்தில் கும்பல் வன்முறை உண்டு. புறப்படுவதற்கு முந்தைய வாரம் உங்கள் நாட்டு அரசின் பயண எச்சரிக்கையைப் படியுங்கள், மருத்துவக் காப்பீட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஊருக்குள் அன்றாடம் பயப்பட வேண்டியது கடல்தான். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது. ஆற்று முகத்துவாரங்களிலும் மரீனா பக்கமும் முதலைகள் இருக்கின்றன, எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் விடியலிலும் இருட்டிய பிறகும் தண்ணீர் ஓரம் நடக்காதீர்கள்.

டைம்ஷேர் கூட்டத்துக்குப் போனால் இலவசப் படகுப் பயணம் தருகிறார்கள். போகலாமா? (ஆஸ்டின்)

வேண்டாம். ஒன்றரை மணி நேரம் என்று சொல்வது பாதி நாளை விழுங்கும். அந்தப் படகுப் பயணத்துக்கு நேராகக் காசு கொடுத்துவிடலாம். ஏற்கெனவே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால், ஐந்து வேலை நாளுக்குள் ரத்து செய்யும் உரிமையை மெக்சிகோ விதிமுறை கொடுத்திருக்கிறது. எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள்.