பழைய கட்டடத்துக்கு டிஜிட்டல் இரட்டை: முப்பரிமாண மாதிரியிலிருந்துதான் தொடங்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் அலுவலகக் கட்டடம் பழையது. காகித வரைபடங்களும், குளிரூட்டலைக் கட்டுப்படுத்தும் பிஎம்எஸ் என்னும் கட்டட மேலாண்மை அமைப்பும் மட்டுமே உள்ளன. மின்செலவைக் குறைக்க டிஜிட்டல் இரட்டை, அதாவது கட்டடத்தின் நேரடித் தரவோடு இணைந்த கணினி வடிவம், தேவை என்றும், அதற்கு முதலில் கட்டடம் முழுவதையும் லேசர் ஸ்கேன் செய்து முப்பரிமாண மாதிரி உருவாக்க வேண்டும் என்றும் ஆலோசகர் கூறுகிறார். இது அவசியமா?

பதில்: குளிரூட்டும் செலவைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் அவசியமில்லை. 2002-இல் அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் கிரீவ்ஸ் இக்கருத்தை முன்வைத்தபோதே மெய்ப்பொருள், அதன் மெய்நிகர் வடிவம், இரண்டுக்கும் இடையே ஓடும் தரவு ஆகிய மூன்றையும் அதன் உறுப்புகளாகக் கூறினார். மூன்றாவது இல்லாத முப்பரிமாண மாதிரி, எவ்வளவு அழகாக இருந்தாலும், வரைபடம்தான். உங்களிடம் அந்த மூன்றாவது உறுப்பு பிஎம்எஸ் தரவாக ஏற்கெனவே ஓரளவு இருக்கிறது, அதிலிருந்தே தொடங்கலாம்.

ஒரேயொரு காற்று கையாளும் கருவியை, அதாவது ஏஎச்யூவை, எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்நீர் வால்வு முழுவதும் மூடியிருப்பதாக பிஎம்எஸ் காட்டும் நேரத்தில், குளிர்நீர் ஓடும் சுருளுக்குள் நுழையும் காற்று 26 டிகிரியில் இருந்தால், விசிறியின் வெப்பமும் சேர்வதால் வெளியேறும் காற்று அதே அளவிலோ சற்றுக் கூடுதலாகவோதான் இருக்க வேண்டும். அது 22 டிகிரி என்று பதிவாகிறது என்றால், வால்வு கசிகிறது அல்லது வெப்பநிலை உணரி (சென்சார்) பிழையாகக் காட்டுகிறது. கையடக்க வெப்பமானியை வைத்து எது காரணம் என்று உடனே பிரித்தறியலாம். 'இப்போது என்ன இருக்க வேண்டும்' என்ற கணக்கை 'என்ன இருக்கிறது' என்பதோடு இடைவிடாமல் ஒப்பிடுவதே இரட்டையின் வேலை. இதற்குச் சுவர்களின் மில்லிமீட்டர் அளவுகள் வேண்டியதில்லை.

உழைப்பைக் கோருவது பெயரிடல்தான். ஒரே வகை உணரிக்கு ஒவ்வொரு தளத்திலும் வெவ்வேறு சுருக்கப்பெயர் இருப்பதும், தடுப்புச் சுவர் எழுப்பிய பின் ஓர் அறையின் உணரி அடுத்த அறைக்குள் போய்விட்டிருப்பதும் பழைய கட்டடங்களில் சாதாரணம். எந்த உணரி எந்தக் கருவியைச் சேர்ந்தது, அக்கருவி எந்த அறைகளுக்குக் காற்று தருகிறது என்பதை நேரில் நடந்து சரிபார்த்து, கட்டடக் கருவிகளுக்கும் தரவுக்கும் பெயரிடும் பிரிக் அல்லது ஹேஸ்டாக் போன்ற திறந்த முறைப்படி பதியச் சொல்லுங்கள். ஒப்பந்தக்காரர் மாறினாலும் இப்பதிவு உங்களிடமே இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

பிறகு கட்டடம் முழுவதற்கும் ஆற்றல் மாதிரி, அதாவது மின்பயன்பாட்டைக் கணிக்கும் கணினிக் கணக்கு, செய்வதானால், அதை மின்கட்டண அளவீடுகளோடு பொருத்திக்காட்டக் கேளுங்கள். குளிரூட்டல் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஆஷ்ரேயின் 14-ஆம் வழிகாட்டி, மாதாந்திரத் தரவில் சார்புப் பிழை (மொத்தத்தில் கூடுதலாகவோ குறைவாகவோ கணிப்பது) 5 சதவீதத்துக்குள்ளும் சிவி-ஆர்எம்எஸ்இ என்னும் சிதறல் பிழை 15 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறது. அதைத் தாண்டும் மாதிரி தரும் சேமிப்புக் கணக்கை நான் நம்பமாட்டேன்.

லேசர் ஸ்கேன் வீண் என்பதல்ல. குழாய்ப் பாதைகளை மாற்றும்போதோ உட்புறத்தைத் திருத்தியமைக்கும்போதோ, அதுவும் தேவைப்படும் தளத்துக்கு மட்டும் செய்யலாம்.

தொடக்கத்தில் இரட்டைக்கு பிஎம்எஸ் தரவை வாசிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். அதன் பரிந்துரைகளைக் குளிரூட்டலை இயக்கும் பணியாளர் பார்த்து ஒப்பிய பிறகே வெப்பநிலை அமைவுகள் மாற வேண்டும். கட்டடக் கருவிகள் தமக்குள் தரவு பரிமாறும் பழைய பேக்நெட் இணைப்புகளில் குறியாக்கம் இல்லாததால், அந்த வலையமைப்பை அலுவலக இணையத்திலிருந்து பிரித்து வைப்பதை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.