வாய்தாவும் வாக்குத்தத்தமும்

ஐயா, ஸ்தோத்திரம். அப்பா காலமான பிறகு, வீட்டில் பங்கு கேட்டு அண்ணன் என்மேல் போட்ட வழக்கு ஆறு வருடமாக நடக்கிறது. இந்தப் புத்தாண்டு ஆராதனையில் எனக்கு எரேமியா 29:11 ("நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை" கொடுப்பேன் என்று கர்த்தர் சொல்வது) இந்த வருடத்துக்கான வாக்குத்தத்த வசனமாகக் கிடைத்தது. ஜெபக்குழுவில் ஒரு சகோதரர், "மூன்று மாதத்தில் கர்த்தர் முடித்துத் தருவார், வக்கீல் பின்னால் அலையாதே, காத்திருக்க முடியாமல்தான் சவுல் கெட்டான்" என்றார். கடைசி இரண்டு வாய்தாவுக்கு நான் போகவில்லை, வக்கீலிடமும் பேசவில்லை. மூன்று மாதம் தாண்டிவிட்டது. என் விசுவாசம்தான் குறைவா?
– ஒரு சகோதரி

அன்புள்ள சகோதரிக்கு,

மீதியைப் பிறகு படிக்கலாம், முதலில் வக்கீலுக்குப் போன் செய்யுங்கள். பிரதிவாதி தரப்பில் யாரும் ஆஜராகாவிட்டால் கோர்ட் உங்களை எக்ஸ்பார்ட்டி (வராத தரப்பு) ஆக்கிவிட்டு, நீங்கள் இல்லாமலே வழக்கை மேலே நடத்தலாம். ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பே வந்திருந்தால், அதை ரத்து செய்யக் கேட்க தீர்ப்புத் தேதியிலிருந்து 30 நாள்தான். தாண்டினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு போட்டு, தகுந்த காரணமும் காட்டவேண்டும். ஜெபக்குழுவில் சொன்னார்கள் என்பது அங்கே செல்லாது. இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் அடையாள எண்ணான 16 இலக்க சி.என்.ஆர் எண்ணைப் போட்டால் இன்றைய நிலை தெரியும். வக்கீல் பீஸ் கட்ட வழியில்லையென்றால் கோர்ட் வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். 1987ஆம் வருடச் சட்டப்படி இலவச உதவி பெற பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

இனி உங்கள் வசனம். அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதர்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எழுதிய கடிதம் அது. பத்தாம் வசனம் சொல்லும் காலம் 70 வருடம். கடிதத்தை வாசித்த பெரியவர்களில் அநேகமாக யாரும் ஊர் திரும்பியிருக்கமாட்டார்கள். அவர்களுக்கு வந்த கட்டளை, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள் என்பது. வாக்குத்தத்த அட்டையில் பதினோராம் வசனத்தை மட்டும் அச்சடித்துக் கொடுப்பதால் இதெல்லாம் கண்ணில் படுவதில்லை.

மூன்று மாதக் கணக்கும் புதிதல்ல. முந்தின அதிகாரத்தில் கிபியோன் ஊரானாகிய அனனியா என்ற தீர்க்கதரிசி, பாபிலோனுக்குப் போனதெல்லாம் இரண்டே வருடத்தில் திரும்பும் என்று ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாகச் சொல்கிறான். ஜனங்கள் கேட்க ஆசைப்பட்டது அதைத்தான். எரேமியாவோ வேறொரு சமயம், எகிப்துக்குப் போகலாமா என்று கேட்டு ஜனங்கள் நெருக்கியபோது பதிலுக்குப் பத்து நாள் காத்திருந்தார் (42:7). அதற்குள் தன் சொந்த யோசனையைக் கர்த்தருடைய வார்த்தை என்று சொல்லவில்லை. சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை, அப்படிச் சொன்னவனுக்குப் பயப்படவேண்டாம் என்று உபாகமம் 18:22 சொல்கிறது. ஆகவே குறைவு உங்கள் விசுவாசத்தில் அல்ல.

சவுல் கதையையும் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். ராஜாவாகிய அவன், தீர்க்கதரிசி சாமுவேல் வரும்வரை காத்திராமல், அவர் செலுத்தவேண்டிய பலியைத் தானே செலுத்தினான். அடுத்தவர் வேலையில் கைவைத்தான். வாய்தாவுக்குப் போவது உங்கள் வேலை.

காத்திருக்கிறவர் எப்படி இருப்பார் என்று பார்க்க எரேமியா 32ஐ எடுங்கள். எருசலேம் முற்றுகையில், எரேமியா காவற்சாலை முற்றத்தில். ஊர் விழப்போகிறது என்று சொன்னவரே அவர்தான். அந்த நிலையில் தன் சொந்த ஊரான ஆனதோத்தில் ஒரு நிலம் வாங்குகிறார். விலை 17 சேக்கல் வெள்ளி, நம் கணக்கில் 200 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. பத்திரம் எழுதுகிறார், சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள், வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று. நெடுநாள் கெடாமலிருக்க இரண்டையும் மண்பாண்டத்தில் வைக்கும்படி தன் எழுத்தர் பாருக்கிடம் சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் ஜெபம் பண்ணுகிறார். அந்த ஜெபத்தில், பட்டணம் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகும்போது நிலம் வாங்கச் சொல்கிறீரே என்ற குழப்பத்தையும் மறைக்கவில்லை.

நீங்களும் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, இன்னொரு நகலை வேறு வீட்டில் வையுங்கள். ஜெபத்துக்கு 13ஆம் சங்கீதம் போதும். முதல் இரண்டு வசனத்தில் நான்கு தடவை "எதுவரைக்கும்" என்று கேட்கிறான் தாவீது. நீங்களும் தாராளமாகக் கேளுங்கள், அது அவிசுவாசம் ஆகாது.

அண்ணனோடு பேச யாராவது இருந்தால் சமரசத்தையும் யோசியுங்கள். லோக் அதாலத்தில் (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில்) முடிந்தால் அதன்மேல் அப்பீல் கிடையாது, அதனால் பங்கு அளவையும் எல்லையையும் வரிவரியாகச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடவேண்டும்.